தோட்டத்து வீட்டின் அன்றாடம்: எதை இறுக்கிப் பிடிப்பது, எதைத் தளரவிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் இடையே எங்கள் சாளை (தோட்டத்து வீடு) இருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மூன்று ஏக்கர், மேட்டுப்பக்கம் இரண்டு ஏக்கர் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு). நானும் கணவரும் திருப்பூர் வேலையை விட்டு இங்கே வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அத்தை (மாமியாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) பிறந்தது முதல் பண்ணையத்தில் இருப்பவர். இரண்டு கறவை மாடுகள், பதினேழு வெள்ளாடுகள், முப்பது நாட்டுக்கோழிகள், வீட்டுக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி. இவ்வளவுதான் எங்கள் உலகம்.

புதிதாகத் தோட்டத்துக்குக் குடிவருகிறவர்கள் எங்களைத் தேடி வந்து பேசுவார்கள். மண்ணையும் விதையையும் பற்றிக் கேட்பார்கள் என்று நினைப்பேன். ஆனால் பெரும்பாலோர் கேட்பது நாளை எப்படி நகர்த்துகிறீர்கள் என்பதைத்தான். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

தோட்டத்துக்கு வந்துவிட்டால் தினமும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்தே ஆக வேண்டுமா?

கறவை மாடு இருந்தால் சீக்கிரம் எழத்தான் வேண்டும். இல்லாவிட்டால் விடிந்து எழுந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. எழும் நேரத்தைத் தீர்மானிப்பது பால் சொசைட்டி. எங்கள் ஊரில் காலை ஆறரைக்குள் ஊற்றி முடித்துவிட வேண்டும், அதற்குமேல் வண்டி நிற்காது. இரண்டு மாட்டையும் கறந்து கேனைக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். ஆகவே ஐந்து மணிக்கு எழுகிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டுக்கே வரும் பால்காரருக்கு ஊற்றுகிறார், ஐந்தே முக்காலுக்கு எழுகிறார். அவருடைய மாடுகள் எங்கள் மாடுகளைவிடக் குறைவாகக் கறக்கவில்லை.

நாலு மணிக்கு எழுவதையே ஒரு விரதம்போல எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாதத்தில் கண்ணுக்கடியில் கருவளையத்தோடு வந்து நிற்பார்கள். இரவு ஒன்பதுக்குப் படுக்க முடியாதவர் நாலுக்கு எழத் திட்டம் போட வேண்டாம். அரிவாள் பிடிக்கிற வேலை இது, தூக்கக் கலக்கத்தில் கை போய்விடும்.

எது நாள் தவறாமல் நடக்க வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு வேலையையும் எடுத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்: இன்று விட்டதை நாளைக்கு இரண்டு மடங்காகச் செய்து ஈடுகட்ட முடியுமா? முடியும் என்றால் தள்ளிப்போடலாம். களை நாளைக்கும் அங்கேயே இருக்கும். எருக்குழி காத்திருக்கும். கிளுவை வேலியில் விழுந்த சின்ன இடைவெளியைக்கூட முள் வைத்து அடைத்துவிட்டு வாரக் கடைசியில் சரிசெய்யலாம். ஆனால் மாட்டுக்கு இன்று வைக்காத தண்ணீரை நாளைக்கு இரண்டு மடங்கு வைத்து என்ன பயன்?

இப்படிச் சலித்தபோது எங்கள் வீட்டில் நான்கு மிஞ்சின. தண்ணீர், தீவனம், கறவை, இருட்டுமுன் பட்டி அடைப்பு. நான்காவதை எளிதாக எண்ண வேண்டாம். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப் போடுவது சில ஆண்டுகளாக ஓயாத துயரமாக இருக்கிறது. ஒரு மாலை மறந்தால் ஓராண்டு உழைப்பு போய்விடும்.

இரண்டுக்கும் நடுவே பறிப்பு என்று ஒரு வகை உண்டு. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால் பிஞ்சாகக் கிடைக்கும். மூன்றாம் நாள் நுனி ஒடியாது, நாராகிவிடும். தேங்காய் அப்படியில்லை. 45 நாளுக்கு ஒரு வெட்டு என்றால் ஐந்து நாள் தள்ளினாலும் மரத்தில்தான் இருக்கும். எந்தப் பயிர் எத்தனை நாள் பொறுக்கும் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். மல்லிகை ஒன்றுதான் ஒரு நாளும் பொறுக்காது. மொக்காக இருக்கும்போதே விடியலில் பறித்தாக வேண்டும். வீட்டில் இரண்டு பேருக்குக் குறைவாக இருந்தால் மல்லிகை போடாதீர்கள்.

பால் கறக்கிற நேரம் அரை மணி முன்னே பின்னே ஆனால் மாடு கெட்டுவிடுமா?

அரை மணி நேரத்தால் ஒன்றும் ஆகாது. காலைக்கும் மாலைக்கும் நடுவே ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் இருப்பது நல்லது, பதினொன்றோ பதின்மூன்றோ ஆனாலும் மாடு தாங்கும். அதிகம் கறக்கும் கலப்பின மாட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப்போனால்தான் மடி கல்லாகும். அது வழக்கமானால் மடிநோய்க்கு இடம் கொடுத்ததாகும்.

நேரத்தைவிட வரிசை மாறுவதுதான் மாட்டைக் குழப்பும். நான் ஊரில் இல்லாத ஒரு மாலை என் நாத்தனார் கறக்க உட்கார்ந்தார். கை பழகியவர்தான். ஆனால் நான் தீவனத் தொட்டியில் புண்ணாக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் மடி கழுவுவேன். அவர் முதலில் மடி கழுவிவிட்டுத் தீவனத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது மாடு பாலை அடக்கிக்கொண்டது. ஐந்து லிட்டர் கறக்கிற மாடு மூன்றோடு நிறுத்திவிட்டது. மடியில் கை பட்டதும் சுரப்பு இறங்கும், அது சில நிமிடங்களே நிற்கும். அந்த நிமிடங்களைத் தீவன வாளி தேடுவதில் செலவழித்தால் மிச்சப்பால் மடியிலேயே தங்கிவிடும்.

எங்கள் காங்கயம் மாட்டுக்கு இன்னொரு கட்டளை இருக்கிறது. கன்று முட்டினால்தான் சுரக்கும். காங்கயம் உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம், பாலுக்காக வளர்த்த இனம் அல்ல. அதனிடம் கடிகாரத்தைக் காட்டிப் பயனில்லை. கன்று இரண்டு வாய் ஊட்டும் வரை நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வரிசைதான் முக்கியம் என்கிறீர்கள். உங்கள் வீட்டு வரிசை என்ன?

காலையில் முதலில் வெறும் கையோடு ஒரு சுற்று. யார் படுத்திருக்கிறார்கள், யார் அசைபோடுகிறார்கள், சாணி இளகியிருக்கிறதா, கோழிக்கூண்டில் சத்தம் வழக்கம்போல இருக்கிறதா என்று பார்ப்பேன். நோய் முதலில் கண்ணில் படுவது இந்த ஐந்து நிமிடத்தில்தான். பிறகு சாணி வழித்தல், தீவனம், மடி கழுவிக் கறவை, சொசைட்டி, கோழி திறப்பு, மாட்டைத் தண்ணீர் காட்டி மாற்றிக் கட்டுதல். வெயில் ஏறியதும் ஆடு வெளியே போகும். மாலையிலும் தீவனத்துக்குப் பிறகுதான் மடி கழுவிக் கறவை, கடைசியில் பட்டி.

இதில் மணிக்கணக்கு எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். சொசைட்டி நேரம் ஒன்றுதான் ஆணி. மற்றவை அதைச் சுற்றிக் கயிறுபோல நீளும், சுருங்கும்.

மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் தண்ணீர் பாய்ச்சுவதை எப்படித் தினசரிக்குள் கொண்டுவருவது?

இரண்டு தண்ணீரையும் பிரித்துவிடுங்கள். குடிக்கிற தண்ணீர் வேறு, பயிருக்குப் பாய்கிற தண்ணீர் வேறு. கறவை மாடு கோடையில் நாளுக்கு அறுபது லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். மாடு, ஆடு, கோழி, வீடு எல்லாவற்றுக்கும் இரண்டு நாள் தாங்குகிற தொட்டி கட்டிவிட்டால் மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் எந்த நேரம் வந்தாலும் நிம்மதியாக இருக்கலாம். தொட்டி காலியான பிறகு நிரப்பக் கூடாது. மின்சாரம் வரும்போதெல்லாம் நிரப்ப வேண்டும். இது எங்கள் வீட்டில் சட்டம்.

பயிருக்கு நாள்கணக்கு வைப்பதை நான் விட்டுவிட்டேன். வேர் இருக்கும் ஆழத்தில் ஒரு கைப்பிடி மண் எடுத்துப் பிசைந்து பார்க்கிறேன். உருண்டை பிடித்தால் இன்று வேண்டாம். உதிர்ந்தால் இன்றே பாய்ச்ச வேண்டும். பாத்தியை நான்கு பகுதியாகப் பிரித்து வால்வு வைத்திருப்பதால் கிடைக்கிற நேரத்தில் எந்தப் பகுதிக்கு அவசரமோ அதற்குத் திறந்துவிடுகிறோம்.

வாய்க்கால் தண்ணீர் மட்டும் நம் சொல் கேட்காது. இந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் பவானிசாகர் அணை 1955இல் வந்தது. கீழ்பவானிப் பாசனம் இரண்டு லட்சம் ஏக்கருக்குமேல் என்றாலும் ஒரு போகத்துக்குப் பாதி நிலத்துக்குத்தான் தண்ணீர். ஓராண்டு நெல்லுக்கு வாங்கும் பாதி அடுத்த ஆண்டு கடலைக்கும் எள்ளுக்கும் வாங்கும். புன்செய் போகத்தில் முறைவைத்துத் திறப்பார்கள், நிறுத்துவார்கள். நம் முறை நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில்தான் மண்வெட்டியோடு மடை மாற்ற வேண்டும். அப்படி ஓர் இரவு விழித்தால் மறுநாள் அந்த நான்கைத் தவிர வேறெதுவும் நாங்கள் தொடுவதில்லை. விழித்த இரவை அடுத்த நாள் கணக்கில் கழித்துக்கொள்ளாவிட்டால் மூன்றாம் நாள் உடம்பு கழித்துக்கொள்ளும்.

மழைக்காலம் வந்தால் எல்லாம் குலைந்துபோகிறதே?

ஒரே முறையை ஆண்டு முழுவதும் ஓட்டப் பார்ப்பதால்தான் குலைகிறது. ஐப்பசி கார்த்திகைக்கு ஒரு முறை, சித்திரை வைகாசிக்கு ஒரு முறை என்று இரண்டு வேண்டும். கோடையில் ஆடுகள் விடிந்ததுமே மேய்ந்துவிட்டுப் பதினொன்றுக்கு வெள்வேல மர நிழலுக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் அதே நேரத்தில் ஓட்டிவிட்டால் வம்பு. ஈரப் புல்லின் நுனியில் வயிற்றுப்புழுவின் இளம்பருவம் ஏறி நிற்கும். பனியும் ஈரமும் உலர்ந்த பிறகுதான் பட்டியைத் திறக்க வேண்டும், ஒன்பது ஆனாலும் பத்து ஆனாலும். காத்திருக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் தழை ஒடித்துக் கட்டிவிடுங்கள்.

தட்டுப்போர் இருக்கிற வீடு மழைக்குப் பயப்படாது. மாசியில் அறுத்த சோளத்தட்டைப் போர் போட்டுவைத்தால் ஐப்பசி அடைமழையில் புல் அறுக்கப் போகாமலே நாலு நாள் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் பசும்புல்லிலிருந்து தட்டுக்கோ தட்டிலிருந்து புல்லுக்கோ ஒரே நாளில் தாவாதீர்கள், ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். மழை விட்டதும் தளதளவென்று கிடைக்கிற இளந்தழையை வயிறு நிறையத் தின்றுவிட்டு ஆடு வயிறு உப்பிச் சாவதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

கொறங்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மழை குறைந்த இந்த வட்டாரத்தில் நம் முன்னோர் கிளுவை வேலி போட்டுக் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, ஒரு துண்டு மேய்ந்ததும் அடுத்ததற்கு மாற்றினார்கள். எந்தத் துண்டில் எத்தனை நாள் என்பது புல்லைப் பார்த்து முடிவாகும். வேலி அசையாது, நாள் அசையும். நான் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் சொல்கிற பதிலைக் கற்றுக்கொண்டது அந்தக் காட்டில்தான்.

கல்யாணம், காதுகுத்து என்றால் இரண்டு நாள் வெளியூர் போகவே முடியாதா?

போகலாம். நாங்கள் போகிறோம். அடுத்த தோட்டத்துக் குடும்பத்தோடு மாற்றுவேலை வைத்திருக்கிறோம். அவர்கள் போனால் நாங்கள் பார்ப்போம், நாங்கள் போனால் அவர்கள். பணம் கிடையாது. ஆனால் போகிற அன்று காலையில் சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. முன்னதாகவே இரண்டு மூன்று முறை உங்கள் கண் முன்னால் அவர்களைக் கறக்கவிடுங்கள், மாட்டுக்கு அந்தக் கையும் குரலும் பழகட்டும். மேலே சொன்ன வரிசையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டுத்தறித் (மாடு கட்டும் கொட்டகை) தூணில் ஒட்டிவிடுங்கள். எந்த மாடு முதலில், எந்த வாளி, எத்தனை படி தவிடு என்பது உட்பட.

பெரிய பயணம் வேண்டுமென்றால் மாட்டின் வற்று காலத்தில் வையுங்கள். கன்று போடுவதற்கு முந்தைய 60 நாள் கறவை கிடையாது. மாட்டுக்கும் ஓய்வு, நமக்கும் ஓய்வு. திருச்செந்தூருக்கும் தங்கை வீட்டுக்கும் நாங்கள் போய்வந்தது அப்படித்தான். கடைசி ஒரு வாரம் மட்டும் வீட்டில் இருங்கள்.

துக்கம் சொல்லிக்கொண்டு வராது. என் அப்பா போன அன்று காலை எட்டு மணிக்குத் தொலைபேசி வந்தது. அப்படியே கிளம்பிவிட்டேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது ஆடுகள் பட்டியில் இருந்தன, கேன் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, தூணில் ஒட்டிய தாளில் இரண்டு நாள் பால் அளவையும் யாரோ பென்சிலால் குறித்துவைத்திருந்தார்கள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு முறை, கணவருக்கு ஒரு முறை, மாமியாருக்கு ஒரு முறை. தினமும் இதே தகராறு. என்ன செய்வது?

வேலையைப் பிரிக்காதீர்கள், உயிர்களைப் பிரியுங்கள். "நீ தண்ணீர் வை, நான் தீவனம் வைக்கிறேன்" என்றால் ஒரே மாட்டுக்கு மூன்று எசமானர்கள் ஆகிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் மாடு என்னுடையது, ஆடு அத்தையுடையது, வாய்க்காலும் பாத்தியும் கணவருடையவை. அவரவர் பொறுப்பில் அவரவர் முறை. மற்றவர் யோசனை சொல்லலாம், மாற்றக் கூடாது.

பெரியவர்களின் வழக்கத்தைப் பழம்பழக்கம் என்று ஒதுக்குவதற்கு முன் ஒரு மாதம் கூட நின்று பாருங்கள். அத்தை தினமும் பட்டி வாசலில் நின்று, உள்ளே நுழைகிற ஒவ்வோர் ஆட்டின் முதுகிலும் கை வைத்து ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவார். தூரத்திலிருந்து எண்ணினால் போதாதா என்று எனக்குத் தோன்றும். ஒருநாள் பதினொன்றாவது ஆட்டில் கை நின்றது. "இதுக்குக் காய்ச்சல்" என்றார். பார்வைக்கு அது நன்றாகத்தான் இருந்தது. வெப்பமானி வைத்தபோது காய்ச்சல் தெரிந்தது. அன்றே தனியாகக் கட்டி மறுநாள் மருத்துவரை வரவழைத்தோம், மற்ற ஆடுகளுக்குப் பரவவில்லை. அந்தக் கை எண்ணிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. இப்போது என் மகளும் கை வைத்துத்தான் எண்ணுகிறாள்.

பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் தினசரி வேலை கொடுக்கலாமா?

கொடுங்கள், ஆனால் அந்த நான்கில் ஒன்றைக் கொடுக்காதீர்கள். முட்டை எடுப்பது, பாத்தியில் பழுத்ததைப் பறிப்பது போன்ற, ஒருநாள் தவறினாலும் உயிர் போகாத வேலையாக இருக்கட்டும். தேர்வு நாளில் தானாக விட்டுவிடலாம் என்ற உரிமையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று ஒன்று உண்டா?

முழு நாள் இல்லை, அரை நாள் உண்டு. காலை வேலை முடிந்ததிலிருந்து மாலை மூன்று வரை எதையும் தொடாத நாள் ஒன்று வாரத்தில் கட்டாயம் வேண்டும். எங்கள் மாமா காலத்தில் அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்களாம், எருதுக்கும் ஆளுக்கும் அன்று இளைப்பாறல். அந்த வழக்கத்தில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

எல்லாம் மனதில்தானே இருக்கிறது, எழுதி வைக்க வேண்டுமா?

தினமும் செய்வதை எழுத வேண்டாம், கை நினைவில் வைத்துக்கொள்ளும். எப்போதாவது வருவதைத்தான் எழுத வேண்டும். பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அந்த வேகம் ஒரு நாளுக்குக்கூட நிற்காது. காலையில் கத்தலும் கண்ணாடிபோன்ற வழும்பும் கண்டால் மாலையில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), மாலையில் கண்டால் மறுநாள் காலை. தவறினால் மூன்று வாரம் போயிற்று. அதேபோல ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, அடைக்கு வைத்த முட்டையின் இருபத்தோராம் நாள்.

வந்த புதிதில் சினை ஊசி போட்ட தேதியைத் தினசரி காலண்டர் தாளில் எழுதிவைத்தேன். மறுநாள் காலை வழக்கம்போல அந்தத் தாள் கிழிக்கப்பட்டு அடுப்புக்குப் போய்விட்டது. தேதி தெரியாமல், மாடு கறக்கும் வரை கறந்துகொண்டே இருந்தோம். கன்று போடுவதற்கு ஒரு மாதம்கூட இல்லாதபோதுதான் மடி இறங்குவதைப் பார்த்து அத்தை நிறுத்தச் சொன்னார். மாட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஓய்வில் பாதியை நான் பறித்துவிட்டேன். அந்த ஈற்றில் பால் முந்தைய ஈற்றைவிடக் குறைந்தே நின்றது. இப்போது மாதக் காலண்டரும் ஒரு கோடு போட்ட நோட்டும் கட்டுத்தறியிலேயே தொங்குகின்றன. 280 நாளை எண்ணிக் கன்று போடும் தேதியையும், அதிலிருந்து 60 நாள் பின்னால் வற்றவைக்கும் தேதியையும் ஊசி போட்ட அன்றே குறித்துவிடுகிறேன்.

விதைப்பும் அறுவடையும் வந்தால் தினசரி வேலை எல்லாம் நொறுங்குகிறது. அப்போது எதை விடுவது?

அந்த நாட்களுக்கென்று ஒரு சுருக்க நாளை முன்கூட்டியே வகுத்து வையுங்கள். இரண்டாம் கேள்வியில் சொன்ன நான்கு மட்டும். சாணி வழித்தாலும் எருக்குழிக்குப் போகாமல் ஓரமாகக் குவிப்போம். புல் அறுக்காமல் போரிலிருந்து தட்டு உருவிப் போடுவோம். சமையல் ஒரு வேளைதான், மற்ற வேளைக்குக் கம்மஞ்சோறு கரைத்துக்கொள்வோம். சுருக்க நாள் நான்கைந்துக்குமேல் தொடர்ந்து நீளக் கூடாது, நீண்டால் ஆள் கூட்டுங்கள்.

மழை பெய்து ஈரம் பதமாக நிற்பது இரண்டு மூன்று நாள்தான். ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்களே, அந்தத் தேடல் அவ்வளவு குறுகிய நேரத்துக்குள். கடலை பறிப்பும் அப்படித்தான். முற்றிய கடலையைத் தள்ளிப்போட்டு மண் இறுகினால் காய் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். மழை பெய்தால் கொத்து வகை நிலக்கடலை காயிலேயே முளைத்துவிடும். இந்த நாட்களில் வீடு கூட்டாமல் கிடந்தால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.

உடம்பு முடியாத நாளில்?

அதே சுருக்க நாள்தான், ஆனால் செய்வது வேறொருவர். மாற்றுவேலைக் குடும்பமும் தூணில் ஒட்டிய தாளும் இங்கேயும் உதவும். மாட்டுக்கே முடியாமல் போனால் 1962க்கு அழையுங்கள், கால்நடை மருத்துவ ஊர்தி வரும். காய்ச்சலோடு எழுந்து கறப்பதை வீரம் என்று நினைக்காதீர்கள்.

நான் வேலைக்கும் போகிறேன். அப்படியானால் எதை வளர்க்கலாம்?

கறவை மாடு வேண்டாம். இதைச் சொன்னால் பலர் முகம் வாடிவிடுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கோழியும் நான்கைந்து ஆடுகளும் காலை ஒரு மணி, மாலை ஒரு மணியில் அடங்கும். ஆட்டைக் கட்டித் தழை போட்டு வளர்க்கலாம்.

வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிற ஒரு தம்பதி என்னிடம் பட்டுப்புழு பற்றிக் கேட்டார்கள். அது வேறு வகையான ஒழுங்கு. இளம்புழு மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவை வாங்கினால் கூடு கட்ட மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் மல்பெரித் தழை நேரம் தவறக் கூடாது. கடைசி ஏழெட்டு நாளில் புழு தின்கிற தழைக்கு வெட்டி மாளாது. ஆனால் கூடு அறுத்து விற்றுவிட்டால் மனை காலி. தினமும் கொஞ்சம் கட்டுப்படுவது உங்களுக்கு எளிதா, மூன்று வாரம் முழுதாகக் கட்டுப்பட்டுப் பிறகு விடுபடுவது எளிதா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்ட பிறகு எந்த உயிரையும் வாங்குங்கள்.

ஒரு வேலையைத் தொடர்ந்து தவறவிடுகிறேன். இது சோம்பலா, இல்லை முறையே தவறா?

ஒரே வாரத்தில் மூன்று முறை தவறினால் நான் முறையைத்தான் சந்தேகிப்பேன். பஞ்சகவ்யம் தயாரித்தபோது காலையும் மாலையும் கலக்க வேண்டும். டிரம்மை வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் வைத்திருந்தோம். முதல் மூன்று நாள் கலக்கினேன், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. மேலே புழு வைத்துவிட்டது, பத்து லிட்டர் கோமியமும் ஒரு கிலோ நெய்யும் போய்விட்டன. என்னையே நொந்துகொண்டிருந்தேன். கணவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த முறை டிரம்மைக் கட்டுத்தறி வாசலில், நான் கேனை எடுக்கத் தாண்டிப்போகும் இடத்தில் வைத்தார். கலக்கும் குச்சியைக் கேன் மாட்டும் ஆணியிலேயே மாட்டினார். முப்பது நாளில் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

எவ்வளவு முயன்றாலும் மூச்சு முட்டுகிறது. மாட்டை விற்றுவிட்டால் தோற்றதாக ஆகாதா?

ஆகாது. கறவை மாடு இருக்கிற வீட்டின் நாளையும் இல்லாத வீட்டின் நாளையும் ஒப்பிடவே முடியாது. மேலே நான் எழுதியதில் பாதி, மாடு இருப்பதால் வருகிற கட்டுப்பாடு. இரண்டு கோடை, இரண்டு மழை பார்த்த பிறகும் தூக்கமும் பேச்சும் வீட்டில் திரும்பவில்லை என்றால் விற்பதுதான் சரி. மாடு கன்று போட்டு ஒன்றிரண்டு மாதத்தில், நல்ல கறவையில் இருக்கும்போது விற்றால் நல்ல கைக்குப் போகும். களைத்துப்போய் மாட்டை மெலியவிட்டு விற்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. காங்கயம் மாடு என்றால் ஞாயிறுதோறும் பழையகோட்டை மாட்டுத்தாவணி (மாட்டுச் சந்தை) இருக்கிறது, இனம் தெரிந்து வாங்குகிறவர்கள் அங்கே வருவார்கள். கயிற்றோடு உங்கள் வரிசைத் தாளையும் வாங்குகிறவர் கையில் கொடுங்கள். எந்த வாளிச் சத்தத்துக்கு அது திரும்பிப் பார்க்கும் என்பதை வாயாலும் சொல்லிவிடுங்கள்.